பக்கத்து அட்டை

ஏட்டு மாசிலாமணியின் இலக்கு அட்டையில் ஓர் ஓட்டைகூட விழவில்லை. சுடுதளத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "கண்ணாடி போட்டா துப்பாக்கி முனை தெரியுது, அட்டை மங்குது. கழட்டினா அட்டை தெரியுது, முனை மங்குது. என் வயசுக்கு வந்து பாருங்கடா, தெரியும்!" என்று கத்தினார். பக்கத்தில் சுட்ட இளம் காவலர் செல்வினின் அட்டையில் பத்து ஓட்டைகள். ஆளுக்கு ஐந்து குண்டுகள்தான். ஐந்து ஓட்டைகள் நட்டநடுவில் நெருங்கியிருந்தன. மற்ற ஐந்தும் ஓரங்களில் சிதறியிருந்தன. "அட்டை மாத்திச் சுட்டிருக்கீங்க ஏட்டய்யா. ஓரத்துல இருக்கிறது உங்களோடது," என்று யாரையும் கேட்காமலே இன்ஸ்பெக்டர் முடிவுகட்டினார். செல்வின் குனிந்து, கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். மாசிலாமணி தன் கண்ணாடியைக் கழற்றி அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "போட்டுக்கிட்டு நல்லாப் பாத்துச் சொல்லுடா. எது உன்னோடது?"