குறிப்பின் கீழே ஒரு பெயர்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஹெப்பாளிலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் தாரணி சொன்னதுதான்.

தாரணிக்கு ஊர் ஹனூர். வேலைக்குச் சேர்ந்து அப்போது ஐந்து மாதம். நிரந்தரம் ஆவாளா இல்லையா என்பது அடுத்த வாரம் தெரியும். மொழிபெயர்ப்புச் செயலிக்காக ஆங்கில வாக்கியங்களைத் தமிழாக்குவது அவள் வேலை.

அன்று வந்த வாக்கியத்தில் 'பரையா' (pariah) என்றொரு சொல். எல்லோரும் ஒதுக்கிவைத்த ஆள் என்று அர்த்தம்.

"இந்த வாக்கியம் வேண்டாங்க சார்," என்றாள், டீம் லீடர் ரவிக்குமாரிடம்.

"ஏம்மா? டிக்‌ஷனரியில இருக்கே."

"அது பறையர்ங்கிற பேருங்க. பறை அடிச்சவங்க. நம்மகிட்டேர்ந்துதான் இங்கிலீஷுக்குப் போச்சு."

"போய் நானூறு வருஷமாச்சு. இப்ப அதுக்கு ஒதுக்கப்பட்டவன்னு மட்டும்தான் அர்த்தம்."

"ஒதுக்கினது யாரைங்க சார்?"

ரவிக்குமார் சிரித்தார். "ஆட்சேபணை இருந்தா எழுதி அனுப்பு. உன் பேரைப் போட்டு."

எழுதினாள். அனுப்பப் போகும்போது, பக்கத்து இருக்கை ஸ்ரீதேவி எட்டிப் பார்த்தாள். பதினோரு வருட சீனியர். சொந்த ஊர் எதுவென்று கேட்டால்கூடப் பேச்சை மாற்றிவிடுகிறவள்.

"அழிச்சிடு."

"தப்பா எழுதிட்டேனாக்கா?"

"சரியாத்தான் எழுதியிருக்க. ஆனா குறிப்பை யாரு படிப்பாங்க? கீழ இருக்கற பேரைத்தான் படிப்பாங்க. இவ யாரு, எந்த ஆளுங்கன்னு விசாரிப்பாங்க. அடுத்த வாரம் உனக்குக் கன்ஃபர்மேஷன். பேடாம்மா, வேண்டாம்."

தாரணி அழித்துவிட்டாள்.

"பதினோரு வருஷம் சம்பளம் வாங்கினா, பயமும் கூடவே வந்துடும் போல," என்றாள் பஸ்ஸில் என்னிடம்.

"அப்படித்தான் போல," என்றேன் நானும்.

அடுத்த வாரம் அவள் வேலை நிரந்தரமானது. அந்த வாக்கியமும் பட்டியலிலிருந்து போய்விட்டது.

"ரவி சார் யோசிச்சுப் பார்த்திருக்காரு. நல்ல மனுஷன்," என்றாள் தாரணி.

நீக்கிய வாக்கியங்களின் பதிவு எங்கள் பிரிவில்தான் இருக்கிறது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று நேற்று திறந்தேன்.

நீக்கச் சொன்னவர்: ஸ்ரீதேவி. நேரம்: தாரணி தன் குறிப்பை அழித்த அன்றே, மாலை 4.20.

தாரணி சொன்ன அதே காரணங்கள். கடைசியில் ஒரு வரி மட்டும் கூடுதல்:

'என் அப்பா பறை அடிப்பவர்.'