ஒரு துளசிக் கன்று

“எது வேணும்னாலும் எடுத்துக்கங்க. அந்தத் துளசிய மட்டும் கேக்காதீங்க, றம்லத்.”

பாலம்மா இப்படிச் சொன்னதும் றம்லத்தின் முகம் சுருங்கிப்போனது. குண்டசாலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, புசல்லாவைக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு அவள் வந்ததே அந்தத் துளசிக்காகத்தான்.

மூலிகை வளர்ப்பவர்கள் விதையும் கன்றும் மாற்றிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுவில்தான் இருவருக்கும் பழக்கம். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாதவள் பாலம்மா. இன்றும் ஆடாதோடை, தூதுவளை, கற்பூரவள்ளி என்று றம்லத்தின் பை நிறையக் கட்டிக் கொடுத்திருந்தாள்.

ஆனால் வாசலுக்கு எதிரே, ரோட்டுக்குக் கீழே, சுற்றிலும் தேயிலை இருக்க அந்த ஒரு சரிவில் மட்டும் துளசி காடாக மண்டிக் கிடந்தது.

“அவ்வளவு ஈக்குதே பாலம்மாக்கா! ஒரு கன்டு தந்தா கொறஞ்சா போகும்? மகளுக்கு இருமல் விட்டபாடில்ல.”

“எல வேணும்னா ஓரமா நின்னு நானே பறிச்சுத் தர்றேன். கன்னு புடுங்க வேணாங்க.”

“சாமிச் செடியெண்டு எங்களுக்குத் தாறல்லயா?”

பாலம்மா திடுக்கிட்டாள். “ஐயோ, என்ன பேச்சுங்க அது! இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்” என்று உள்ளே போய்விட்டாள்.

றம்லத்துக்கு மனசு ஆறவில்லை. போன மாதம், தன்னிடம் மிஞ்சியிருந்த நிலவேம்பு விதையை அப்படியே இவளுக்குத்தானே அனுப்பினாள்? ரோட்டைக் கடந்தாள். சரிவில் இறங்கினாள். செருப்புக்கடியில் இரண்டு நாற்றுகள் நசுங்கின. குந்தியிருந்து, சின்னக் கன்றொன்றின் அடிமண்ணை விரலால் கிளறத் தொடங்கினாள்.

“தோண்டாதீங்க!”

பாலம்மா ஓடிவந்தாள். கையிலிருந்த தேநீர் முழுவதும் அவள் சேலையில் கொட்டியிருந்தது. சுட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

றம்லத் விருட்டென்று எழுந்தாள். “ஒத்தக் கன்டுக்கா இப்பிடிக் கத்துறீங்க? நீங்க தந்த ஒன்டும் எனக்கு வேணாம்!” பையை அங்கேயே கவிழ்த்தாள். தூதுவளையும் ஆடாதோடையும் வேரோடு சிதறின.

பாலம்மாவுக்குக் கோபம் வரவில்லை. சரிவுக்குள் கால் பட்டுவிடாமல், ஓரத்திலேயே மடிந்து உட்கார்ந்தாள்.

“மேல வந்துருங்க, றம்லத்” என்றாள் மெல்ல. “மல சரியிற வரைக்கும் எங்க லயத்து வீடு அங்கதாங்க இருந்துச்சு. ஒம்பது நாளு தேடிட்டு, இனிக் கெடைக்காதுன்னு எல்லாரும் போயிட்டாங்க. எம் மக இன்னும் அதுக்குள்ளதான் கெடக்கா. ஆளுங்க மிதிச்சு நடக்கக் கூடாதுன்னுதான் வெத தூவுனேன்.”