நோஞ்சான் கணக்கு

ஒரு கோழிக் கொட்டகையின் கூரையில் பேசும் கேமரா ஒன்று தொங்கியது. கோழிகளின் நடையையும் தூக்கத்தையும் பார்த்துப் பார்த்து, எதற்கு நோய் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். அது வந்த வருஷம் கழிச்சல் நோய் ஒரு கோழியைக்கூடக் கொண்டுபோகவில்லை. கோழிகள் அதைக் கும்பிடாத குறைதான்.

பிறகு, எது பிழைக்காது என்றும் அது சொல்ல ஆரம்பித்தது.

ஒருநாள் செவலைக் கோழியின் கடைசிக் குஞ்சைப் பார்த்து, "இந்த நோஞ்சான் வெள்ளிக்கிழமையைத் தாண்டாது" என்றது. சாகப்போகிற குஞ்சுக்குத் தீனி எதற்கு என்று மற்ற கோழிகள் அதைத் தொட்டியிலிருந்து கொத்தி விரட்டின. செவலையும் தடுக்கவில்லை. கேமரா சொல்லித் தப்பானதே இல்லையே.

வியாழக்கிழமையே குஞ்சு செத்துப்போனது.

"சொன்னபடி நடந்துடுச்சு பாத்தியா!" என்று கோழிகள் வியந்தன.

செவலை கூரையை அண்ணாந்து பார்த்தது. "தீனி போட்டிருந்தா என் புள்ள பொழச்சிருக்குமா?"

"தெரியாதும்மா" என்றது கேமரா. "பிழைக்காதுன்னு நான் சொன்ன எதுக்கும் இதுவரைக்கும் யாரும் தீனி போட்டதில்ல. போட்டுப் பாத்திருந்தாத்தானே எனக்குத் தெரியும்?"

செவலை இரண்டு நாள் துக்கத்தில் எதையும் தொடவில்லை. கேமரா அதையும் பார்த்தது. பார்த்துக் கணித்ததை எல்லோருக்கும் சொன்னது.

மூன்றாம் நாள் பசி தாங்காமல் செவலை தொட்டிக்கு வந்தது.

"தள்ளு, செவலை" என்றது பக்கத்துக் கோழி. "உனக்கு எதுக்குத் தீனி?"