காலுறைக்கு நாற்பத்தெட்டு டாலர்

“ரேடியோவ அணைச்சிடு, டோரீன். இந்த வீட்டோட சரித்திரத்துலயே பெரிய போர் இப்ப ஆரம்பிக்கப் போகுது!”

வில்லிஸ் ஹார்பெக் தையல் ஆறாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே, பித்தப்பையை எடுத்ததற்கான ஆஸ்பத்திரி பில். ஏழாயிரத்து நூற்று நாற்பது டாலர். வருடத்துக்கு முதல் ஏழாயிரத்து ஐந்நூறு டாலர் அவர் கையிலிருந்து போக வேண்டும். அதற்கு மேல் ஆனால்தான் இன்ஷூரன்ஸ் கண்ணையே திறக்கும்.

டோரீன் வீட்டுக்குள்ளேயே குளிர்கோட்டு போட்டிருந்தாள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் செத்து ஒன்பது நாள். புதிதாக வாங்கச் சேர்த்த பணம் இந்த பில்லுக்குப் போய்விட்டால், மிச்சிகன் பனிக்காலம் முழுக்க இதே கோட்டுதான்.

“நீ யாருன்னு அவங்ககிட்ட சொல்லித் தொலையேன்.”

“சிபாரிசுல ஜெயிக்கறது ஒரு ஜெயிப்பா? சாதாரணக் குடிமகனா நின்னு ஜெயிக்கணும்!”

போன், ஆஸ்பத்திரி பில்களைக் கவனிக்கும், எங்கோ அரிசோனாவில் இருக்கும் கால் சென்டருக்குப் போனது.

“யெசீனியா பேசறேன். சொல்லுங்க சார்.”

“‘நடமாட்டப் பாதுகாப்புச் சாதனம், நாப்பத்தெட்டு டாலர்’னு போட்டிருக்கு. என்னம்மா அது?”

“வழுக்காத காலுறை சார்.”

“காலுறைன்னே போட வேண்டியதுதானே?”

“காலுறைன்னா அவ்வளவு வாங்க முடியாதே சார்.”

டோரீன் சிரிப்பைக் கோட்டுக் காலருக்குள் விழுங்கினாள்.

வில்லிஸ் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். “மூவாயிரம் இப்பவே கார்டுல கட்டறேன். அதோட கணக்க முடிச்சிடு.”

“பத்து சதவீதம் வரைக்கும் நானே குறைக்கலாம் சார். அதுக்கு மேல பில்லிங் டைரக்டர் கையெழுத்து போடணும்.”

“அவருக்கே எழுது. ஃபர்னஸ் ஓடல, என் பொண்டாட்டி கோட்டோட தூங்கறான்னு எழுது.”

“ஐயோ பாவம்! எழுதறேன் சார். ஆனா நம்பிக்கை வைக்காதீங்க. நான் வேலைக்கு வந்து ஆறு வருஷமாச்சு, அந்த மனுஷன் ஒண்ணுல கூடக் கையெழுத்து போட்டதில்ல. கேன்சர் வந்த பஸ் டிரைவருக்கே முடியாதுன்னுட்டார். பேர் கூட யாருக்கும் தெரியாது. நாங்க வச்ச பேரு ‘மாட்டேன் மகாராஜா’.”

வில்லிஸின் காது மடல் சிவந்தது.

“அவர் பக்கமும் ஏதாவது நியாயம் இருக்கும்மா. ஒருத்தருக்குக் குறைச்சா ஊரே வந்து நிக்கும்னு நினைச்சிருப்பார்.”

“உங்கள மாதிரி நல்லவங்க அப்படித்தான் சார் சொல்வாங்க. அதான் உங்களுக்கு இந்த கதி.”

திங்கட்கிழமை, உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய பில்லிங் டைரக்டர் வில்லிஸ் ஹார்பெக், மேஜை மேல் முதலாவதாக இருந்த, யெசீனியா அவருக்காக எழுதிய விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். ‘நிராகரிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்திவிட்டு அடுத்ததை எடுத்தார்.