காதில் துடித்த சிவப்பு

சேரலாதன் தோசையைப் பிட்டபடியே மனைவியிடம் கேட்டான். "நேத்து உங்க ஆபீஸ் டின்னருக்கு நிகிலும் வந்திருந்தானா?"

மஞ்சரியின் காதுக்கருவியில் சிவப்பு விளக்கு துடித்தது. அந்தக் கருவி சொல்லித்தராமல் இப்போது யாரும் வாய் திறப்பதில்லை. சதுரங்க மென்பொருள் மாதிரிதான் அதுவும். முதலில் எடுத்த பதிலின் மதிப்பெண் திடீரென்று சரிந்தால், வேறு பதில் தேட நேரம் எடுத்துக்கொள்ளும்; அதுவரை சிவப்பு துடிக்கும். சட்னி கேட்டால் உடனே பேசுகிறவள், நிகில் பெயருக்கு மட்டும் இத்தனை நேரமா?

"வந்திருந்தான். நான் சரியா பேசக்கூட இல்ல," என்றாள் கடைசியில். "ஏங்க, என்மேல சந்தேகமா?"

'சேச்சே' என்று சொல்லத்தான் நினைத்தான். கருவி விடவில்லை. மஞ்சரி தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவன் காதில் துடித்த சிவப்பு அணையட்டும் என்று காத்திருந்தாள்.