நாக்கு உள்ள பயிர்

நடவு முடிந்த மூன்றாம் வாரம் ரஞ்சிதத்தை முதல்முறையாகக் களையெடுக்க வயலில் இறக்கினார்கள். கடலோரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். நெல்லும் புல்லும் அவளுக்கு ஒரே பச்சைதான். மாமியார் ஒரு பயிரைப் பிடித்து, இலை தண்டைக் கவ்வும் இடத்தைக் கட்டைவிரலால் விரித்துக் காட்டினாள். உள்ளே வெள்ளையாக ஒரு சவ்வு நின்றது.

"இதுதான் நாக்கு. நாக்கு இருந்தா நெல்லு, இல்லேன்னா களை. பிடுங்கி வரப்புல போட்டுரு. மூத்தவளுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நெல்லத்தான் பிடுங்குனா."

"அதான் அவளையே பிடுங்கிட்டியே, அத்தே!" என்றாள் கூட வந்த ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

ரஞ்சிதத்தின் புருஷனுக்கு அவள் இரண்டாம் தாரம். மூத்தவள் எங்கே போனாள் என்று கேட்க அவளுக்கு இதுவரை வாய் எழவில்லை.

அவள் குனிந்து ஒரு பயிரை விரித்துப் பார்த்தாள். நாக்கு இல்லை. பிடுங்கப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்ததைப் பார்த்தாள். அதிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். அவள் பங்கு வயல் முழுக்க ஒன்றுக்கும் நாக்கு இல்லை. மற்றவர்கள் வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள்.

"என்னடி, வெறுங்கையோட நிக்கிற? கேக்குறேன்ல, சொல்லு!" என்று அங்கிருந்தே கத்தினாள் மாமியார்.

ரஞ்சிதம் சொல்லப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

மாமியார் சேற்றில் நடந்து கிட்டே வந்தாள். ஈரக் கையால் அவள் தாடையைப் பிடித்து, கட்டைவிரலால் உதட்டை மெல்ல விரித்தாள்.