நாலு மணி வரம்பு

மணி நாலு. பதினோராவது நாளாக, கத்திரியின் கோப்பு நடுவழியில் நின்றது.

கத்திரி என்பது பட்டப்பெயர். பாட வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவர் வேலை. முடித்ததை, ஊரின் மறுகோடியில் இருக்கும் தலைமை அலுவலக சர்வருக்குத் தினமும் ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

"நீங்களே பாருங்க சார். பன்னெண்டு ஜிபி. நாலு அடிச்சதும் 'அளவு வரம்பு மீறல்'னு சொல்லிட்டு நின்னுடுது. சரியா நாலு இருபதுக்குத் தானா எழுந்து ஓடும். என்னமோ டீ குடிக்கப் போயிட்டு வந்த மாதிரி."

பழுது பார்க்க வந்தவர் தலையாட்டினார். வெளியாள், மேனேஜர் வரவழைத்திருந்தார்.

"அஞ்சுக்குள்ள போய்ச் சேருதா?"

"நாலே முக்காலுக்குச் சேருது. ஆனா அதுவரைக்கும் என் உசிரு என்கிட்ட இல்ல. எல்லாம் அந்த வயர் அக்கா பண்ற வேலை. நெட்வொர்க்கைப் பாத்துக்கறதுக்குத்தான் அவங்களுக்குச் சம்பளம். கேட்டா, 'போகும், பொறுங்க'ங்கறாங்க. எழுத்துலயே புகார் குடுத்துட்டேன். தப்பு அவங்க மேலன்னு நீங்க எழுதிட்டா, இன்னிக்கே சீட்டு கிழிஞ்சிடும்."

சொல்லிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இருபது நிமிஷம் இது அசையாது. படிக்கட்டுப் பக்கம் போய் வீட்டுக்குப் பேசிட்டு வந்துடறேன்."

பழுது பார்ப்பவர் கேபிளை மாற்றிப் பார்த்தார். கேபிளில் குறையில்லை. சர்வரில் இடம் தாராளமாக இருந்தது. இன்டர்நெட் லைனின் அமைப்புகளைத் திறந்தபோதுதான் அகப்பட்டது. யாரோ தனியாக எழுதிச் சேர்த்த விதி: இரண்டு ஜிபிக்கு மேற்பட்ட எந்தக் கோப்பும் நாலு முதல் நாலு இருபது வரை வெளியே போகக் கூடாது.

எழுதியவர் பெயரும் இருந்தது.

வயர் அக்கா பக்கத்து மேஜையில் ஒரு பிளக்கைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மேடம், இது நீங்க போட்டதா?"

"ஆமா."

"மேனேஜர் சொன்னாரா?"

"இல்ல. நானாத்தான் போட்டேன்."

"எதுக்கு?"

"அஞ்சுக்குள்ள போய்ச் சேந்துடுதில்ல? விடுங்க."

"நான் ரிப்போர்ட் எழுதணும் மேடம்."

"எழுதிக்கோங்க."

என்ன திமிர் என்று நினைத்தபடி பழுது பார்ப்பவர் விதியை அழித்தார். நாலு ஏழுக்குக் கோப்பு குதிரை மாதிரி கிளம்பியது. இதைக் கத்திரியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று எழுந்தார்.

"சார், இப்ப வேண்டாம்..." என்று வயர் அக்கா எழுந்திருப்பதற்குள் அவர் கதவைத் தாண்டிவிட்டார்.

படிக்கட்டுத் திருப்பத்தில் கத்திரி உட்கார்ந்திருந்தார். போன் சுவரில் சாய்ந்து நின்றது. பேச்சுச் சத்தமே இல்லை. அவருடைய இரண்டு கைகளும் பேசிக்கொண்டிருந்தன.

திரையில் ஆறேழு வயதுச் சிறுமி. அவளும் கைகளால்தான் பதில் சொன்னாள். மூக்கிலிருந்து ஒரு கை நீளமாக இறங்கியது. யானையாக இருக்க வேண்டும். கத்திரி சிரிப்பதற்குத் தயாராக முன்னால் சாய்ந்தார்.

அந்த இடத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறி உறைந்தது. சிறுமியின் கை பாதி வார்த்தையில் நின்றது. கத்திரி விரல்களால் என்ன என்று கேட்டார். மறுபடி கேட்டார். போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

கத்திரியின் போனும் ஆபீஸ் வைஃபையில்தான் ஓடியது. அலுவலகத்திலிருந்து வெளியே போக இருப்பது ஒரே லைன். பன்னிரண்டு ஜிபியும் அந்தச் சிறுமியும் அதில்தான் இடம் பிடிக்க வேண்டும்.

பழுது பார்ப்பவர் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார். விதி பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. மணி நாலு ஒன்பது.

"அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே, அக்கா." 'மேடம்' என்ற சொல் எங்கோ போயிருந்தது.

"ஒரு நாள் படி இறங்கறப்போ பாத்தேன். படம் உறைஞ்சுபோய், போனைத் தூக்கிப் பிடிச்சிட்டு நின்னார். சொன்னா என்ன ஆகும்? ஆபீஸ் லைனை வீட்டுப் பேச்சுக்குத் தடுக்கறதான்னு கூச்சப்பட்டு, கூப்பிடறதையே விட்டுடுவார். பொண்ணு ஸ்கூல் விட்டு வர்ற நேரம் சார் அது. அவர் என் மேல கோபமாவே இருக்கட்டும்."

நாலு இருபதுக்குக் கத்திரி முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"யானைக்கு ஜலதோஷம் பிடிச்சா எத்தனை கைக்குட்டை வேணும்னு கேக்கறா சார், என் பொண்ணு. நடுவுல ஒரு நிமிஷம் படம் நின்னுபோச்சு. அதிசயமா இருக்கு, நாலு மணிக்கு எப்பவும் லைன் கண்ணாடி மாதிரி இருக்கும்." கோப்பு நகர ஆரம்பித்திருந்ததைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "சரி, தப்பு யார் மேலன்னு எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

ரிப்போர்ட்டில் இருந்தது மூன்றே வரி. 'பழுது எதுவும் இல்லை. இரண்டாவது லைன் தேவை. அது வரும்வரை வரம்பு அப்படியே இருக்கட்டும்.'

மார்ச் ஒன்பதாம் தேதி இரண்டாவது லைன் வந்தது. அன்று நாலு மணிக்குக் கோப்பும் நிற்கவில்லை, சிறுமியின் கைகளும் நிற்கவில்லை. புகார் கொடுத்தால்தான் இந்த ஆபீஸில் வேலை நடக்கும் என்று கத்திரி படிக்கட்டில் உட்கார்ந்து மகளுக்கு இரண்டு கைகளாலும் விளக்கிக்கொண்டிருந்தார்.